சி மொழியின் உள்ளீட்டுச் செயற்கூறுகள்: மூலமும் மிகையும்

பழஞ்சுவடி ஒன்றைப் பதிப்பிக்கப் புகுவோர் முதற்கண் மேற்கொள்ளும் பணி, மூலம் எது, உரை எது, ஏடெழுதினோர் இடையிற் செருகியது எது என வரையறுத்தலாகும். இவ்வரையறை செய்யப்பெறாத பதிப்பு எத்துணை அழகாக அச்சிடப்பெற்றிருப்பினும் ஆராய்ச்சிக்குப் பயன்படாது. இத்தகைய ஆய்வு ஓலைச்சுவடிகளுக்கே உரியது என எண்ணுதற்கில்லை. அரை நூற்றாண்டு அகவையே உடைய ஒரு கணினி மொழியின் ஆவணங்களிலும் மூலமும் உரையும் மிகையும் விரவிக் கிடத்தலைக் காணலாம். 'சி' என்னும் அம்மொழியின் உள்ளீட்டுச் செயற்கூறுகள் தம் பணியில் தவறும் இடங்களையும், தரத்திற்குப் புறம்பாக அவற்றோடு சேர்க்கப்பெற்ற நீட்சிகளையும், கையேடுகளும் தர ஆவணங்களும் எவ்வாறு பதிவு செய்து வந்துள்ளன என்பதை இக்கட்டுரையில் வரலாற்று முறையில் ஆராய்வோம்.

தமிழாய்வாளர்க்கு இதனால் வரும் பயன் யாது என வினவலாம். சொற்களை எண்ணுதற்கும் வரிகளை வரிசைப்படுத்தற்கும் நாம் கையாளும் யூனிக்ஸ் கருவிகளுட் பல சி மொழியில் எழுதப்பெற்றவை. பெருநூல் ஒன்றின் சொல்லடைவைத் தொகுக்கும் நிரல், அந்நூலை வட்டிலிருந்து படித்துக்கொண்டே வருகையில், நடுவில் வட்டுப் பழுதுற்றது எனக் கொள்வோம். நிரலெழுதியவர் பழுதையும் நூலின் முடிவையும் வேறுபடுத்தி அறியத் தவறியிருப்பின், நிரல் நூல் முடிந்தது எனக் கருதி அமைதியாக நின்றுவிடும். சொல்லடைவு பாதி நூலுக்கு மட்டும் அமையும்; குறை உண்டு என்பதற்கு அடையாளம் எதுவும் எஞ்சாது. ஏடு முறிந்த சுவடியில் முறிவாவது கண்ணுக்குப் புலனாகும்; ஈண்டு அதுவும் இல்லை.

சி மொழியின் பிறப்பிடம் அமெரிக்க நாட்டு நியூ ஜெர்சி மாநிலத்துப் பெல் ஆய்வுக்கூடமாகும். அங்குக் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸ் இயக்க முறைமையை ஆக்கினர். அதன் முதற் கையேடு 1971 நவம்பரில் வெளிவந்தது. அக்கையேட்டின் பக்க அமைப்பு ஊன்றி நோக்கத் தக்கது. ஒவ்வொரு பக்கத்திலும் பெயர், பயன்பாட்டு வடிவம், விளக்கம் ஆகியவற்றின் பின்னர்ப் 'பிழைகள்' என்னும் தலைப்பும் இடம்பெற்றது. தாம் செய்த கருவியின் குறையை அக்கருவியின் கையேட்டிலேயே எழுதிவைக்கும் இவ்வழக்கம் அந்நாளைய வாணிகக் கையேடுகளின் போக்கினின்றும் பெரிதும் வேறுபட்டது. ரிச்சி சி மொழியை வளர்த்து 1973-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அதன் அடிப்படைகளை நிறைவு செய்தார். அம்மொழிக்கென மைக் லெஸ்க் எழுதிய உள்ளீட்டு வெளியீட்டுத் தொகுதியே பின்னர்த் திருத்தம் பெற்று, 1979-இல் வெளிவந்த ஏழாம் யூனிக்ஸ் பதிப்பில் செந்தர உள்ளீட்டு வெளியீட்டு நூலகமாக நிலைபெற்றது.

செயற்கூறு என்பது, பெயர் சொல்லி அழைத்த அளவில் குறித்த ஒரு பணியைச் செய்து ஒரு மதிப்பைத் திருப்பித் தரும் நிரற்பகுதியாகும். ஓர் எழுத்தைப் படித்துத் தரும் 'கெட்சார்' என்பதை முதற்கண் காண்போம். படிக்க எழுத்து எஞ்சாதபோது அது எதனைத் திருப்பித் தருதல் வேண்டும்? பிரையன் கெர்னிகான் தொடக்கக் காலத்தில் எழுதிய பயிற்சிக் கட்டுரையில், கோப்பு முடிந்தவிடத்துக் கெட்சார் சுழிய மதிப்புடைய எழுத்தைத் தரும் எனக் காண்கிறோம். கெர்னிகானும் ரிச்சியும் சேர்ந்து 1978-இல் வெளியிட்ட நூலிலோ அவ்விடத்தை 'ஈஓஎஃப்' என்னும் பெயர் பெற்றுக்கொள்கிறது. மாற்றத்தின் காரணத்தை உய்த்துணர்தல் எளிது. சுழியமும் ஓர் எழுத்தே; கோப்பின் நடுவிலும் அது வருதல் கூடும். வருமாயின், நூலின் நடுவே நிரல் நின்றுவிடும். ஆதலின் எழுத்துகளின் எல்லைக்கு அப்பாற்பட்ட எதிர்மறை எண் ஒன்று முடிவின் அடையாளமாகக் கொள்ளப்பட்டது.

இத்திருத்தம் ஒரு புதிய நுட்பத்தைத் தோற்றுவித்தது. எழுத்துக்கு அப்பாற்பட்டதையும் தருதல் வேண்டியிருந்தமையின், கெட்சார் தருவது எழுத்தன்று, முழு எண்ணாகும். இதனை ஓராது, தரப்பெற்ற மதிப்பை எழுத்து வகை மாறியில் இட்டுவைக்கும் நிரல்கள் இன்றும் எழுதப்படுகின்றன. அவற்றின் நடத்தை கணினிக்குக் கணினி வேறுபடும். எழுத்து வகை எதிர்மறை எண்களையும் ஏற்கும் கணினிகளில், 255 என்னும் மதிப்புடைய பைட்டு −1 என்பதோடு ஒத்துப்போய்க் கோப்பின் முடிவாகத் தோன்றும். எழுத்து வகை எதிர்மறையை ஏற்காத கணினிகளிலோ முடிவு ஒருபோதும் வாராது. நிரல் ஓயாது சுழலும். ஒரே நிரல் ஓரிடத்து முன்னரே நிற்கின்றது; பிறிதோரிடத்து நிற்பதே இல்லை. கையேடு 'முழு எண்' என்னும் ஒரு சொல்லில் இவ்வளவையும் அடக்கியிருந்தது. சுருங்கச் சொல்லல் நூற்பாவிற்கு அழகே. எனினும் இவ்விடத்தில் உரை வேண்டியிருந்தது என்பது நம் கருத்து.

இனி, ஈஓஎஃப் என்னும் ஒரு குறி இரு பொருள் தருவதை ஆராய்வோம். கோப்பு முடிந்தாலும் அக்குறியே வரும். படிப்பதிற் பழுது நேர்ந்தாலும் அக்குறியே வரும். எது நேர்ந்தது என அறிய 'எஃப்ஈஓஎஃப்', 'எஃப்எரர்' என்னும் இரு செயற்கூறுகளை அழைத்து வினவுதல் வேண்டும். வரிவரியாகப் படிக்கும் 'எஃப்கெட்ஸ்' என்பதும் இவ்வாறே இரு நிலைகளிலும் வெற்றுச் சுட்டியைத் தரும். தர ஆவணம் ஈண்டு நுண்ணியதோர் வேறுபாட்டைக் கூறுகின்றது. எழுத்து எதனையும் படிக்காமலே கோப்பு முடிந்ததாயின், எழுத்துகளை இடுதற்கு நாம் கொடுத்த அணி முன்பிருந்தவாறே இருக்கும். பழுது நேர்ந்ததாயின், அவ்வணியில் என்ன இருக்கும் என எவரும் உறுதி கூறல் இயலாது. திரும்பி வரும் மதிப்பு ஒன்றே; அதன் பின்னர் நம் கையில் எஞ்சும் பொருளோ வேறு. எஃப்எரரை வினவாத நிரல் இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு மேற்செல்கின்றது.

பழுது யாது என்பதைச் சொல்லுதற்கு 'எர்னோ' என்னும் எண் உண்டு. ஆயினும் எழுத்தைப் படிக்கும் செயற்கூறு தவறும்போது எர்னோவில் உரிய எண்ணை இடுதல் வேண்டும் எனச் சி மொழியின் தர ஆவணம் விதிக்கவில்லை. அமெரிக்கத் தர நிறுவனத்தின் குழு 1983-இல் அமைக்கப்பெற்று, அதன் ஆவணம் 1989 டிசம்பரில் ஏற்கப்பெற்றது. மறு ஆண்டில் அதுவே உலகத் தரமாயிற்று. யூனிக்ஸ் அல்லாத பல கணினிகளுக்கும் பொருந்த எழுதவேண்டியிருந்தமையின், அக்குழு பலவற்றைக் கூறாது விடுத்தது. யூனிக்ஸ் வழிவந்த முறைமைகளுக்கெனத் தோன்றிய பாசிக்ஸ் என்னும் மற்றொரு தரமோ எர்னோவை விதித்தது. கருவிப் பழுது ஒன்று, குறுக்கீட்டால் படிப்பு நின்றது ஒன்று, படித்தற்கெனத் திறக்கப்பெறாத கோப்பைப் படிக்க முயன்றது ஒன்று எனத் தனித்தனிப் பெயர்கள் அதன்கண் வகுக்கப்பட்டுள்ளன. ஆகவே, யூனிக்ஸ் கையேட்டை மட்டும் படித்த ஒருவர் எர்னோ எங்கும் இவ்வாறே அமையும் எனக் கொள்ளுதல் இயல்பு. அது மூலத்தில் இல்லை, உரையில் உள்ளது.

பாசிக்ஸ் தரத்தின் 2001-ஆம் ஆண்டுப் பதிப்பு இக்குழப்பத்திற்கு ஒரு தீர்வு கண்டது. சி மொழித் தரத்திற்கு மேற்பட்ட ஒவ்வொரு தொடரையும் நிழலிட்டுக் காட்டி, பக்கத்தின் ஓரத்தில் 'சிஎக்ஸ்' என்னும் இரண்டெழுத்துக் குறியை அது பொறித்தது. எழுத்தைப் படிக்கும் செயற்கூற்றின் பக்கத்தில், தவறினால் ஈஓஎஃப் வரும் என்னும் பகுதி குறியின்றி நிற்கின்றது. எர்னோவில் எண் இடப்பெறும் என்னும் பகுதி ஓரக்குறியுடன் நிற்கின்றது. ஒரே தொடரின் முற்பாதி மூலம், பிற்பாதி மிகை. அன்றியும், இப்பக்கம் சி மொழித் தரத்தோடு ஒத்துச் செல்வது, முரண் காணப்படின் அது கருதிச் செய்ததன்று, அவ்விடத்துச் சி தரமே வெல்லும் என்னும் கருத்தும் அப்பக்கங்களின் தொடக்கத்தில் தரப்பட்டுள்ளது. தன் சொல்லைக் காட்டிலும் மூலத்தின் சொல்லே வலியுடையது என வெளிப்படையாக எழுதிவைத்த உரையாசிரியரைப் போன்றது இது. சி மொழியின் ஆவண வரலாற்றில் இதனை ஒத்த சீரிய பதிப்பு நெறியை நாம் வேறு காணவில்லை.

இத்தகைய குறியீடு இல்லாத காலத்தில் நேர்ந்தவற்றுள் 'கெட்ஸ்' என்னும் செயற்கூற்றின் வரலாறே தலையாயது. ஒரு வரியைப் படித்து அணியில் இடுவது அதன் பணி. அணியின் நீளம் எவ்வளவு என்பதை அது கேட்பதில்லை. கேட்கும் வழியும் அதற்கு இல்லை. வரி நீண்டால் அணியின் எல்லை கடந்து அடுத்துள்ள நினைவிடங்களையும் அழித்து எழுதும். 1979-ஆம் ஆண்டுக் கையேட்டின் பிழைகள் பகுதியில் இதற்கென ஒரு குறிப்பு உண்டு: கெட்ஸ் வரிமுறிவை நீக்கும் என்றும், எஃப்கெட்ஸ் அதனை வைத்துக்கொள்ளும் என்றும், பழைய வழக்கோடு ஒத்துப்போதற்கே இவ்வேறுபாடு என்றும் அது கூறுகின்றது. வரிமுறிவு பற்றிய சிறு முரண் ஆசிரியர்தம் கண்ணிற் பட்டு எழுத்தில் ஏறியமை கருதத் தக்கது.

1988 நவம்பர் 2-ஆம் நாள், கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மாரிஸ் எழுதிய நிரல் ஒன்று இணையத்திற் பரவியது. அது கணினிகளுட் புகுந்த வழிகள் பல. அவற்றுள் ஒன்று 'ஃபிங்கர்' என்னும் பணிநிரல். பயனர் பற்றிய வினாவைப் பெறுதற்கு அப்பணிநிரல் 512 பைட்டு நீளமுள்ள அணியில் கெட்ஸ் வாயிலாக ஒரு வரியைப் படித்தது. அதனினும் நீண்ட வரியொன்று திட்டமிட்டு அனுப்பப்பெற்றது. எல்லை கடந்து சென்ற பைட்டுகள் நிரலின் போக்கையே மாற்றிப் புகுந்தவன் கையில் கணினியை ஒப்படைத்தன. பாதிக்கப்பெற்றவை ஏறத்தாழ 6,000 என அக்காலத்தோர் மதிப்பிட்டனர். திருத்தம் மிக எளியது: கெட்ஸ் என இருந்தவிடத்து எஃப்கெட்ஸ் எனப் பெய்து நீளத்தைக் கூறினர்.

இந்நிகழ்ச்சிக்கு ஓராண்டிற்குப் பின்னரே தரம் ஏற்கப்பெற்றது என்பதை மேலே கண்டோம். அதில் கெட்ஸ் இடம்பெற்றிருந்தது. 1999-ஆம் ஆண்டுத் தரத்தின் காரண விளக்கத்தில் குழு தன் கருத்தை எடுத்துரைக்கின்றது: உள்ளீடு நிரலெழுதுவோர் கட்டுக்குள் இருக்கும் சில சூழல்களில் இது பயன்படும், நெடுநாள் வழக்கில் உள்ளது, ஆதலின் இதற்கும் இலக்கணம் வேண்டும் என்பது அதன் சாரம். வழக்கில் உள்ளதற்கு இலக்கணம் கூறுதல் இலக்கணியின் கடன் என்பதை நாமும் உடன்படுவோம். எனினும் வழுவையும் வழக்கெனக் கொண்டு, அதன் வழுத்தன்மையை நூற்பாவின்கண் கூறாது விளக்கவுரையில் மட்டும் கூறியது பொருந்துமா? நூற்பாவைப் படிப்போர் பலர். காரண விளக்கத்தைத் தேடிப் படிப்போர் மிகச் சிலர். 2007-இல் வந்த திருத்தமே கெட்ஸை வழக்கொழிய வேண்டியது எனக் குறித்தது. 2011-ஆம் ஆண்டுத் தரம் அதனை நீக்கியது. இடைப்பட்ட காலத்தில் கையேடுகள் தரத்தை முந்தின. லினக்ஸ் கையேட்டின் விளக்கப்பகுதி அதனை ஒருபோதும் பயன்படுத்தற்க என்னும் அறிவுரையோடே தொடங்குகின்றது. குனு இணைப்பியோ கெட்ஸ் உள்ள நிரலை இணைக்கும்போதே எச்சரிக்கின்றது.

நீட்சிகளின் வரலாறு இதனினும் சிக்கலானது. 'ஸ்கேன்எஃப்' என்பது, தரப்பெற்ற வடிவக் குறிகளுக்கு ஏற்ப உள்ளீட்டைப் பிரித்துப் படிக்கும் செயற்கூறு. படிக்கும் சொல்லுக்கு வேண்டிய நினைவிடத்தைத் தானே ஒதுக்கித் தரும்படி, குனு நூலகத்தார் 'ஏ' என்னும் எழுத்தைக் குறியாகச் சேர்த்தனர். பயனுடைய நீட்சிதான், எல்லை கடக்கும் இடர் அதனால் நீங்கிற்று. ஆனால் 1999-ஆம் ஆண்டுத் தரம் அதே எழுத்தைப் பதின்ம எண்களைப் படித்தற்குரிய குறியாக எடுத்துக்கொண்டது. அன்று முதல் ஒரே எழுத்து இருபொருள் ஒருசொல் ஆயிற்று. பழைய பொருள்படி எழுதப்பெற்ற நிரலைப் புதிய தரத்தின்படி பெயர்த்தால், சொல்லைப் படிக்க வேண்டியவிடத்து எண்ணைப் படிக்க முயலும். பாசிக்ஸ் தரத்தின் 2008-ஆம் ஆண்டுப் பதிப்பு நினைவிடம் ஒதுக்குதற்கு 'எம்' என்னும் வேறோர் எழுத்தை வகுத்து இம்முரணை விலக்கியது. கையேட்டில் 'இது குனு நீட்சி' என்னும் குறிப்பு இருந்தமையாலேயே பின்வந்தோர் எந்தப் பொருள் எவருடையது எனப் பிரித்தறிய இயன்றது.

'கெட்லைன்' என்பதன் கதை இதற்கு மறுதலையானது. கெர்னிகான், ரிச்சி இருவரும் தம் நூலின் முதல் இயலிலேயே ஒரு வரியைப் படிக்கும் செயற்கூற்றை எழுதிக்காட்டி அதற்குக் கெட்லைன் எனப் பெயரிட்டனர். அது நூலகத்தைச் சேர்ந்ததன்று; மாணவர்க்குக் காட்டிய எடுத்துக்காட்டே. பின்னாளில் குனு நூலகத்தார் அதே பெயரில், வேறு அமைப்புடைய செயற்கூறு ஒன்றை நீட்சியாக ஆக்கினர். 2008-இல் பாசிக்ஸ் அதனைத் தன்னுள் ஏற்றது. விளைவு யாதெனின், மொழியை ஆக்கியோரே எழுதிய முதல்நூலின் எடுத்துக்காட்டு, பாசிக்ஸ் பெயர்கள் வெளிப்படும் முறைமைகளில் பெயர் முரணால் நிரல்பெயர்ப்பியின் மறுப்பைப் பெறுகின்றது. உரைகாரர் புகுத்திய சொல் மூலத்தின் சொல்லை வெளியேற்றியதற்கு இதனினும் தெளிவான சான்று கிடைத்தல் அரிது.

நம் நாட்டுக் கல்லூரிகளில் மிகவும் பரவிய நீட்சி ஒன்றையும் ஈண்டுச் சுட்டுதல் தகும். போர்லாண்டு நிறுவனம் 1987-இல் வெளியிட்ட டர்போ சி என்னும் தொகுப்பும் அதன் வழிவந்தவையும் நம் வகுப்பறைகளில் நெடுங்காலம் வழங்கின. அவற்றில் 'கோனியோ' என்னும் தலைப்புக் கோப்பும், விசையொன்றை அழுத்தும் வரை காத்திருக்கும் 'கெட்ச்' என்னும் செயற்கூறும் உண்டு. விடைத் திரை மறையாது நிற்றற்பொருட்டு நிரலின் இறுதியில் கெட்ச் எழுதுதல் மாணவர்க்கு எழுதாச் சட்டமாயிற்று. இச்செயற்கூறு எந்தச் சி தரத்திலும் இல்லை. யூனிக்ஸ் முறைமைகளில் 'கர்சஸ்' நூலகத்தில் அதே பெயருடைய ஒன்று உண்டு. ஆயின் அந்நூலகத்தைத் தொடங்கி வைத்த பின்னரே அது செயற்படும். இவ்வேறுபாட்டை அறியாது கற்றோர், வேறு கணினிக்கு மாறிய பின்னர் மொழியே மாறிற்று எனக் கருதி இடர்ப்பட்டனர்.

'எஃப்ஃப்ளஷ்' என்பதை உள்ளீட்டின்மேல் ஏவி எஞ்சிய எழுத்துகளை அகற்றும் பழக்கமும் இவ்வகையதே. அச்செயற்கூறு வெளியீட்டுக்கு உரியது. உள்ளீட்டின்மேல் ஏவினால் யாது நிகழும் எனச் சி தரம் வரையறுக்கவில்லை. மைக்ரோசாஃப்ட் நூலகம் நெடுங்காலம் எழுத்துகளை அகற்றி வந்தது. 2015-ஆம் ஆண்டுத் தொகுப்பிலிருந்து அவ்வாறு செய்வதில்லை. நீட்சியை நம்பியோர்க்கு நீட்சியே துணை. அது விலகினால் முறையிட இடமில்லை.

தமிழ் எழுத்துகளைப் பொறுத்தவரை மேலும் ஓர் இடர் உண்டு. ஒருங்குறியின் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட்டு நீளமுடையது. 'மொழி' என்னும் சொல்லில் மகரம், ஒகரக் குறி, ழகரம், இகரக் குறி என நான்கு குறியீடுகளும் பன்னிரண்டு பைட்டுகளும் உள்ளன. ஒன்பது பைட்டு அணியைக் கொடுத்து எஃப்கெட்ஸை ஏவினால், முடிவுக் குறிக்கு ஒன்று போக எட்டே படிக்கப்பெறும். ழகரம் இரண்டு பைட்டோடு முறிந்துவிடும். அவ்விரண்டும் ககரத்திற்கும் பொதுவானவை. ழகரம் என அறிவிக்கும் மூன்றாம் பைட்டு அடுத்த படிப்பில்தான் வரும். எஃப்கெட்ஸ் இதனைப் பிழையெனக் கருதாது, ஏனெனில் அது பைட்டுகளை எண்ணுவதன்றி எழுத்தை அறியாது. 1995-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்த அகல எழுத்துச் செயற்கூறுகள் எழுத்தை அறிவன. முறைகேடான பைட்டுத் தொடரைக் கண்டால், அவை எர்னோவில் அதற்குரிய எண்ணை இட்டுத் தவறும். எழுத்தைப் படிக்கும் செயற்கூற்றுக்கு எர்னோவைச் சி தரமே விதித்த அரிய இடம் இதுவாகும்.

இறுதியாக, கோப்பின் முடிவு நிலைத்ததா, நிலையாததா என்னும் வினா ஒன்று உண்டு. முனையத்தில் பயனர் முடிவுக் குறியை அழுத்திய பின்னரும் தொடர்ந்து தட்டச்சிடலாம். அப்போது அடுத்த படிப்பு புதிய எழுத்தைத் தருதல் வேண்டுமா, முன்னைய முடிவையே மீளவும் தருதல் வேண்டுமா? 1999-ஆம் ஆண்டுத் தரம், முடிவுக்கொடி ஏற்கெனவே எழுப்பப்பெற்றிராவிடின் மட்டுமே அடுத்த எழுத்துத் தரப்பெறும் என்னும் நிபந்தனையைத் தெளிவாக வைத்தது. குனு நூலகமோ புதிய எழுத்தைத் தந்து வந்தது. பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 2018-இல் வெளிவந்த அதன் 2.28 பதிப்பில்தான் நடத்தை திருத்தப்பெற்றது. முனையத்திலிருந்து படிக்கும் நிரல்களை இது தாக்கக்கூடும் என்றும், முடிவுக்குப் பின்னரும் படிக்க விரும்புவோர் முதலில் 'கிளியர்எர்' என்னும் செயற்கூற்றை அழைத்துக் கொடியை இறக்குதல் வேண்டும் என்றும் அப்பதிப்பின் வெளியீட்டுக் குறிப்பு அறிவிக்கின்றது.